சேக்கிழார் காட்டும் இல்லறமும் இறைவன் ஆணையும்

தோற்றுவாய்

திருத்தொண்டர் புராணம் அடியார் வரலாறு கூறும் நூல். இல்லற விதி கூறும் நூலன்று. ஆயினும் அதன்கண் வரும் அடியார் பலரும் மனையறத்தில் நின்றோரே. குயவரும் வேளாளரும் வணிகரும் அந்தணரும் அரசருமாக அவர் வாழ்ந்த மனைகளின் உட்புறம் வரையிற் சேக்கிழார் பெருமான் கற்பாரை அழைத்துச் செல்கின்றார். அடுப்பெரிக்க விறகின்மையும், உலையிலிட அரிசியின்மையும், கணவன் பிழை கண்டு மனைவி ஊடியதும், மைந்தன் மாண்ட துயரைப் பெற்றோர் விருந்தினர்க்கு மறைத்ததும் அந்நூலுட் காணப்படும். இரண்டாங் குலோத்துங்க சோழன் அரசாண்ட 12-ஆம் நூற்றாண்டில் அமைச்சுத் தொழில் பூண்டிருந்த குன்றத்தூர்ச் செல்வர் அவர். நாட்டை அறிந்தவாறே வீட்டையும் அறிந்தவர் என்பது நூலினால் விளங்கும்.

இவ்வில்லற நிகழ்ச்சிகளை ஆராய்வோர் இக்காலத்து இரு கட்சியினராய் நிற்கின்றனர். ஒரு சாரார் மேடைகளில் இவற்றை எடுத்தோதி, மனைவி கணவன் சொற்கு மறுமொழியின்றி அடங்குவதே சைவ இல்லறம் என முடிப்பர். மற்றொரு சாரார் அதே நிகழ்ச்சிகளை எடுத்துக்காட்டி, பெண்மையைத் தாழ்த்தும் நூல் இது, இல்வாழ்க்கைக்கு வழிகாட்டாது என இகழ்வர். முன்னையோர் புகழ்வாரும் பின்னையோர் இகழ்வாருமாயினும், இருவரும் நூற்பொருளாகக் கொண்டது ஒன்றே. கணவன் ஆணையே மனைவிக்கு வேதம் என்பதே அது. அது நூற்கருத்துத்தானா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

பதி என்னுஞ் சொல்

ஆராய்ச்சிக்கு முன் சித்தாந்தம் தரும் அளவுகோல் ஒன்றைக் கைக்கொள்ளுதல் வேண்டும். உலக வழக்கிற் பதி என்பது கணவனையுங் குறிக்கும். சித்தாந்த வழக்கிற் பதி ஒருவனே, அவன் சிவபெருமான். ஏனைய உயிர்களெல்லாம் பசு. ஆணென்றும் பெண்ணென்றும் கூறப்படும் வேறுபாடு உடம்பைப் பற்றியதேயன்றி உயிரைப் பற்றியதன்று. உடம்பு மாயையின் காரியம். கன்மத்துக்கு ஈடாக இறைவனால் உயிருக்குக் கூட்டப்பட்டது. தனு கரணம் போலவே, வாழும் இடமாகிய புவனமும் நுகரும் பொருளாகிய போகமும் அவனாற் கூட்டப்பட்டவை. ஆகவே மனையென்பதும் மனைக்கண் கூடிவாழும் துணையென்பதும் இறைவன் உயிரின் பக்குவத்தின் பொருட்டு அளித்தவையே. அளித்தவன் அவனாகலின், துணையாய் வந்த உயிரை எனது உடைமை என்று கணவன் கருதினும் மனைவி கருதினும் அது ஆணவ மலத்தின் செயலேயாம். யான் எனது என்னும் செருக்கு அறுதலே சைவசாதனத்தின் பயன் என்பார், அச்செருக்கு நாடோறும் வளர்தற்கு இடம் வீடே என்பதை மறத்தல் ஆகாது.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், கணவனே மனைவிக்குப் பதி என்பதனைச் சித்தாந்தப் பொருளில் ஆளுதல் பொருந்தாதென்பது தெளிவாம். தெய்வத்தைத் தொழாது கணவனைத் தொழுவாளைப் புகழுந் திருக்குறள் உளதே எனின், அது கற்பின் சிறப்புக் கூறவந்த இடம். அதனைத் தமிழ்ச் சான்றோர் போற்றிவந்தனர். ஆயினும் சேக்கிழார் புகழ்ந்த மகளிரோ சிவபிரானைத் தொழுதவர். நாயன்மார் 63 பேருள் வைத்து எண்ணப்பெற்ற காரைக்காலம்மையார், மங்கையர்க்கரசியார், இசைஞானியார் ஆகிய மூவரும் கணவரை உடையவராயிருந்தே அவ்வெண்ணில் இடம்பெற்றனர். கணவருடைய தொண்டின் நிழலில் அவர் எண்ணப்பட்டாரல்லர்.

இனி, சேக்கிழார் மனைகளில் எது ஆள்கின்றது என்பதை நூல்வழியே காண்போர்க்கு ஒரு சொல் மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். அஃது ஆணை என்பது. அவ்வாணை கணவனுடையதுமன்று, மனைவியுடையதுமன்று. இறைவன் பெயரால் அமைந்தது. இருவரையும் ஒருசேரப் பிணிப்பதும் அதுவே.

திருநீலகண்டர் மனை

இதற்கு முதற்சான்று தில்லைக் குயவனார் வரலாறு. அடியார்க்குத் திருவோடு அளிக்குந் தொண்டு பூண்டிருந்த அவர் இளமை மீதூரப் பரத்தை மனை சென்று மீண்டார். மனைவியார் அதனை அறிந்து ஊடினார். இங்கே நூலாசிரியர் காட்டும் நுட்பம் பெரிது. அம்மையார் வீட்டைத் துறந்து போயினாரல்லர். இல்லத்துக்குரிய பணிகள் அனைத்தையும் குறைவறச் செய்தனர். உடனுறைவு ஒன்றற்கு மட்டும் இசைந்திலர். கணவனார் அணுகி இரந்தபோது, திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தடுத்தனர்.

அவ்வாணையைக் கேட்ட கணவனார் செய்தது யாது? மனைவி ஆணையிடுதலாவது என்று வெகுளவில்லை. தமக்குரிய உரிமையை எடுத்துக்கூறி வழக்காடவுமில்லை. அம்மையார் தம்மைக் குறிக்குங்காற் பன்மைச் சொல்லால் குறித்தனர். அப்பன்மையை இலக்கண வழக்கென ஒதுக்கிவிடாது, பெண்ணினம் முழுதையுந் தழுவியதாகக் கொண்டு, மற்றை மாதரையும் மனத்தினுந் தீண்டேன் என்று உறுதி பூண்டார். மனைவி கேட்டது ஒன்று. கணவன் கொடுத்தது அதனினும் மிகுதி. ஆணையிற் பழுது தேடி விடுதலை பெற முயல்வது உலகியல். ஆணையின் சொல்லை விரித்துத் தம்மைப் பின்னும் இறுகப் பிணித்துக்கொண்டது அடியாரியல். இவ்வொரு பன்மைச் சொல்லின்மேல் வரலாறு முழுவதையும் நிறுத்திய திறத்தாற் சேக்கிழாரின் புலமை விளங்குகின்றது.

இருவரும் ஒரு வீட்டில், புறத்தார் அறியாவகை, முதுமை வருமளவும் அவ்வாறே வாழ்ந்தனர். பின்னர்ச் சிவயோகியாய் வந்த பெருமான் தாம் கொடுத்து வைத்த ஓட்டை மறைத்து, வழக்காடி, மனைவி கைப்பற்றிக் குளத்தில் மூழ்கி மெய்ப்பித்தல் வேண்டும் என்றார். தில்லைவாழந்தணர் அவையும் அதுவே தக்கதென்றது. திருட்டுப்பழியினின்று நீங்குதற்கு ஒருகணம் கைப்பற்றினாற் போதும், பழி நீங்கும். ஆயினும் அவர் மூங்கிற்கோலின் இருதலையையும் இருவரும் பற்றத் திருப்புலீச்சரத்துக் குளத்தில் இறங்கினாரேயன்றிக் கைதீண்ட இசைந்தாரல்லர். அதுவும் போதாதென யோகியார் மறுத்தபோது, தம் இளமைப் பிழையை ஊரார் அனைவரும் கேட்க உரைத்து மூழ்கினார். தம் புகழ் கெடுவதைப் பொறுத்தார். மனைவியார் இட்ட ஆணை கெடுவதைப் பொறுத்திலர். இருவரும் இளமை பெற்றெழுந்தனர்.

இங்கே ஆணையிட்டவர் மனைவி, அடங்கியவர் கணவர். ஆயினும் மனைவி வென்றாள், கணவன் தோற்றான் என்று சொல்லுதற்கு இடமில்லை. கணவனார் அடங்கியது மனைவியின் அதிகாரத்துக்கன்று. இருவரும் உயிரினும் பெரிதாக மதித்த திருநீலகண்டத்துக்கு. நம்பியாண்டார் நம்பிகளும் தமது அந்தாதியில் இதனைச் சிவன் ஆணையாகவே கொண்டமை நோக்கற்பாலது. கணவன் மனைவியர்க்கு மேலாக இருவராலும் வணங்கப்படும் ஒன்று இருப்பின், ஒருவர் பிழைத்த வழியும் மனை சிதறாது. அஃது இல்லாதவிடத்து, பிழை சிறிதாயினும் வழக்கைத் தீர்ப்பார் இலர்.

பரமதத்தன் மனை

இதனோடு வைத்து ஒப்புநோக்கத் தக்கது காரைக்கால் வரலாறு. தீண்டாது ஒரு மனைக்கண் வாழ்தல் இரண்டு வரலாற்றிலும் உண்டு. முன்னையது இருவரையும் ஒன்றுபடுத்தி முடிந்தது. பின்னையது இருவரையும் பிரித்து முடிந்தது. காரணம் யாது?

புனிதவதியார் கணவன் அனுப்பிய மாங்கனி இரண்டனுள் ஒன்றைப் பசித்து வந்த அடியார்க்கு அளித்தார். மற்றொன்றை உண்ட கணவன் இன்னுமொன்று கேட்க, இறைவன் அருளாற் பெற்ற கனியை அளித்தார். சுவை வேறுபாட்டினால் ஐயுற்றுக் கணவன் வினவியபோது, அருட்செயலை வெளியிடுதல் தகுமோ, கணவனுக்கு உண்மையை மறைத்தல் தகுமோ எனத் தடுமாறி, உண்மை கூறுதலே கற்புநெறி எனத் துணிந்து உரைத்தார். அம்மையாரிடத்து மறைவில்லை. மறைவு தொடங்கியது பரமதத்தனிடத்தே. அவன் நம்பாது மற்றுமொரு கனி வருவிக்கக் கேட்டான், வந்ததைக் கையிற் பெற்றான், அது மறைந்தது. அஞ்சினான். அவ்வச்சத்தை மனைவியிடம் உரைத்தானா? இல்லை. சுற்றத்தார்க்கு உரைத்தானா? அதுவுமில்லை. உள்ளத்தில் நீங்குதலைத் துணிந்து, உடனுறைவார் போன்றிருந்து, வாணிகத்தின் பெயராற் கலமேறிப் போயினான். பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதியார் பெயரையே இட்டான். சுற்றத்தார் அம்மையாரைக் கொண்டுவந்தபோது இரண்டாம் மனைவியோடும் மகளோடும் அடிவீழ்ந்து வணங்கினான்.

அவன் கொடியவனல்லன், சேக்கிழார் அவனைப் பழித்ததுமில்லை. அவனிடத்து மதிப்பு இருந்தது, அச்சமும் இருந்தது. இல்லாதது ஒன்றே: மனைவியார் கண்ட இறைவனைத் தானும் காணவேண்டும் என்னும் விருப்பம். மனைவியைத் தெய்வமாக்கி வணங்கினான். மனைவி வணங்கிய தெய்வத்தை அவளோடு கூடி வணங்க நினைத்திலன். கணவனைத் தெய்வமாக்குதலினால் இல்லறம் சிறக்கும் என்பார், மனைவியைத் தெய்வமாக்கிய இவ்வில்லறம் சிதைந்ததை நோக்குக. துணை என்பது உடன் நடப்பது; தெய்வமாக்கப்பட்டது துணையாதல் இல்லை. வழிபாட்டில் ஒருமை வேண்டும். ஒருவர் மற்றவர்க்கு வழிபடு பொருளாதல் வேண்டா.

இன்னுமொரு வேற்றுமையுண்டு. தில்லையில் இருவரும் தம் நிலையைப் புறத்தார்க்கு மறைத்தனர். ஒருவர்க்கொருவர் மறைத்தது ஒன்றுமில்லை. காரைக்காலிற் கணவன் மனைவிக்கே மறைத்தான். வீட்டின் குறையை ஊரறியச் செய்யாமை அறிவுடைமை. வீட்டுக்குள்ளேயே ஒருவர்க்கொருவர் மறைபொருள் ஆதல் பிரிவின் வித்து. இவ்விரண்டும் ஒன்றென மயங்குவோர் பலர். குடும்பப் பெருமை காத்தல் என்னும் பெயரால் மனக்கசப்பை ஆண்டுக்கணக்கில் உள்ளடக்கி வாழ்வார் திருநீலகண்டரைப் பின்பற்றுவோரல்லர், பரமதத்தனைப் பின்பற்றுவோரே.

வறுமையும் தொண்டும்

கணவனும் மனைவியும் ஒரு தொண்டில் ஒன்றுபட்ட மனைக்கு இளையான்குடி மாறனார் வரலாறு சான்று. செல்வம் அனைத்தும் தேய்ந்த பின், மழை பொழியும் இரவில், பசித்த அடியார் ஒருவர் வந்தார். மாறனார் மனைவியாரை நோக்கி யாது செய்வதென வினவினார். கட்டளையிட்டாரல்லர், வினவினார் என்பதைக் கருதுக. அன்று பகலில் விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்தால் ஆகும் என வழிகூறியவர் மனைவியார். இருளிற் காலால் தடவிச் சென்று நீரில் மிதந்த முளைநெல்லைக் கூடையில் வாரித் தலைமேற் சுமந்துவந்தவர் கணவனார். வாயிலிற் காத்துநின்று வாங்கியவர் மனைவியார். விறகில்லை எனக் கூற, கூரையின் வரிச்சுகளை அறுத்து வீழ்த்தியவர் கணவனார். கறிக்கு முதிராத குறும்பயிரைக் கணவனார் பறித்துக் கொடுக்க, அவ்வொன்றையே பலவகைக் கறியாகச் சமைத்தவர் மனைவியார். நிகழ்ச்சி முழுவதிலும் சொல்லும் செயலும் இருவரிடையே பந்துபோல மாறிமாறிச் செல்கின்றன. இது யார் செய்த தொண்டு என்று பிரித்துக் கூறுதல் அரிது. வறுமை வந்த வீட்டிற் பூசல் வருதல் இயல்பு. இங்கே அது வாராமைக்குக் காரணம், உன்னால் வந்தது, என்னால் வந்தது என்று எண்ணுதற்கு இடமில்லாதபடி இருவர் கருத்தும் வந்திருந்தவர் பசியின்மேல் நின்றமையே.

திருக்கடவூர்க் குங்கிலியக்கலயர் வரலாறு இத்துணை எளிதன்று. மக்களும் சுற்றமும் பசித்திருக்க, நெல் கொள்ளுமாறு மனைவியார் கழற்றிக் கொடுத்த மங்கலத்தாலியைக் கொண்டு கணவனார் குங்கிலியம் வாங்கிக் கோயிலிற் சேர்த்தார். பிள்ளைகள் பசியைச் சேக்கிழார் மறைக்கவில்லை. அதனை வெளிப்படக் கூறிய பின்னரே தொண்டின் பெருமை கூறுகின்றார். ஆயின் அருள் எவ்வழி வந்தது என்பதைப் பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர். பெருமான் மனையிற் பொன்னும் நெல்லும் நிறைத்து, முதற்கண் கனவில் உணர்த்தியது மனைவியார்க்கு. கோயிலில் இருந்த கலயனார்க்கு, வீட்டுக்குச் சென்று பாலன்னம் உண்க என்று பின்னரே பணித்தருளினார். கோயிலிலே குங்கிலியம் ஏற்ற பெருமான் வீட்டிலே பசித்தவரை மறந்திலன். தொண்டரை வீட்டுக்கே திருப்பி அனுப்பினான். தாலியைக் கழற்றிக் கொடுத்த கையே அருளை முன்னர்ப் பெற்றது.

மகிழின்கீழ்ச் சூளுரை

இல்லறத்தில் ஆணையின் வன்மையை யாவரினும் மேலாக விளக்குவது ஆலாலசுந்தரர் வரலாறு. திருவொற்றியூரிற் சங்கிலியாரை மணக்க விரும்பிய நம்பியாரூரர், அவரைப் பிரியேன் எனச் சூளுரைத்தல் வேண்டும் என்று இறைவனாற் பணிக்கப்பட்டார். அவர் ஓர் உபாயம் எண்ணினார். திருமுன்பு சூளுரைக்கும்பொழுது பெருமான் அங்கிராது மகிழ மரத்தின்கீழ் எழுந்தருளியிருத்தல் வேண்டும் என வேண்டிக்கொண்டார். பெருமானும் இசைந்தார். இசைந்தவர், சங்கிலியார் கனவிற் சென்று, சூளுறவை மகிழின்கீழே கொள்க என்று உணர்த்தினார். நண்பர்க்குச் சொன்ன சொல்லும் பழுதாகவில்லை. மணமகள் ஏமாற்றப்படவும் விட்டிலர். ஆண்டவன் தம் தோழர் பக்கம் நில்லாது, உறுதிமொழியை நம்பி வாழ்வை ஒப்படைக்கப்போகும் பெண்ணின் பக்கம் நின்றமை ஈண்டுத் தெளிவு.

பின் நிகழ்ந்ததும் அத்துணைப் பொருளுடையது. வசந்த காலம் வரத் திருவாரூர் விழாவும் அங்குப் பரவையார் பாடியாடுஞ் சிறப்பும் நினைவில் எழுந்தன; ஆரூர்ப் பெருமானைக் காணாதிருக்க ஆற்றாராய் ஒற்றியூரின் எல்லை கடந்தார்; கண்ணொளி இழந்தார். தம்பிரான் தோழர் என்னும் பெயரும் அவரைக் காக்கவில்லை. சிவதரிசன வேட்கை என்னும் காரணமும் காக்கவில்லை. மனைவிக்கு இறைவன் முன் கொடுத்த சொல்லை மீறுதற்கு இறைவழிபாடும் ஒரு போலிக்காரணமாகாது என்பதே இதனாற் பெறப்படுவது. திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் மட்டும் கிடைத்தது. காஞ்சியில் ஒரு கண்ணும், திருவாரூரில் மற்றொரு கண்ணும் படிப்படியாகவே கிடைத்தன. கோயிற் பணியும் அடியார் கூட்டமும் காட்டி மனையாளையும் மக்களையும் கைவிடுவார்க்கு இதனினும் கடுமையான எச்சரிக்கை வேறில்லை.

திருவாரூர் மீண்டபோது பரவையார் கதவடைத்தார். நள்ளிரவிற் பெருமான் முதலில் அருச்சகர் வடிவிலும் பின்னர்த் தம் வடிவிலும் இருமுறை வீதியில் நடந்து தூது சென்றார். பரவையாரின் ஊடலை அடக்குதற்கு ஆண்டவன் ஆணையைச் செலுத்தினாரல்லர். வாயிலில் நின்று இரந்தார். இதனைக் கேட்டுப் பொறாது ஏயர்கோன் கலிக்காமர் வெகுண்டதும் நூலில் உண்டு. அவ்வெகுளி வேறு வகையாற் பெருமை பெற்றது. ஆயினும் இல்லறத்தாருக்கு உரிய பாடம் ஒன்று நிற்கின்றது: புண்பட்ட மனைவியின் உள்ளம் அண்டர் தலைவன் நடந்து சென்று ஆற்றுதற்குரிய அளவு பெரியது.

சுந்தரர் இருவரை மணந்தமை பற்றி இக்காலத்தார் வழிகோல முயல்வாராயின் அது பிழை. அவர் கயிலையில் இருந்து வந்தவாறும், அவ்விரு மகளிரும் அங்கிருந்து வந்தவாறும் நூலே கூறும். அது பொதுவிதியாக வைக்கப்பட்டதன்று. 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமும் ஒருவனுக்கு ஒருத்தி என்பதையே நிறுத்திற்று. எல்லார்க்கும் விதியாக எஞ்சுவது சூளுரையின் வன்மையே.

சமயம் வேறுபட்ட மனை

கணவனும் மனைவியும் கொள்கையால் வேறுபட்டவிடத்து என்செய்வது? பாண்டிமாதேவியார் வரலாறு இதற்கு விடை. நின்றசீர் நெடுமாறர் புறச்சமயஞ் சார்ந்திருந்த காலத்து, மங்கையர்க்கரசியார் அரண்மனையை விட்டு நீங்கவுமில்லை. தம் திருநீற்று நெறியை விடவுமில்லை. குலச்சிறையாரோடு எண்ணித் திருஞானசம்பந்தப் பிள்ளையாரை மதுரைக்கு வரவழைத்தார். பிள்ளையார் மடத்தில் இட்ட தீ அரசன்பால் வெப்புநோயாய்த் திரும்பிய காலத்து, அது விரைந்து செல்லாது மெல்லச் சென்றது எதனால் என்று சேக்கிழார் ஆராய்கின்றார். அவர் கூறுங் காரணங்களுள் அரசியாரின் மங்கலநாண் காத்தல் முன் நிற்கின்றது. மனைவியின் பொறுமையே கணவனுக்கு அரணாயிற்று. வற்புறுத்தலால் அரசன் திரும்பவில்லை. நோயுற்ற வேளையில் அருகிருந்த அன்பினாலும் திருநீற்றின் அருளினாலும் திரும்பினான். சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்னுஞ் சித்தாந்தம், மனைக்கண் ஒருவர் உறுதியாய் நின்றாலும் மற்றவர் காலத்தில் அவ்வண்ணம் பெறுதல் கூடும் என்னும் நம்பிக்கையைத் தருகின்றது.

வல்வினையும் மெல்வினையும்

இனி இருதிறத்தாரும் எடுத்தோதும் அரிய வரலாறுகள் எஞ்சின. காவிரிப்பூம்பட்டினத்து இயற்பகையார் வேதியர் வேண்ட மனைவியாரை அளித்தார். மறித்த சுற்றத்தாரை வாளால் வீழ்த்தினார். பெண்ணாகடத்துக் கலிக்கம்பர், முன்பு தம் ஏவலாளாயிருந்து பின் அடியாராய் வந்தவர் காலை விளக்க நீர் வார்ப்பதில் மனைவியார் தாமதிக்க, அவர் கையைத் தறித்தார். சிறுத்தொண்டர் வரலாறோ யாவரும் அறிந்தது. இவை இல்லறத்துக்கு விதியாகுமோ?

ஆகா என்பதைச் சாத்திரமே காட்டும். மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய திருக்களிற்றுப்படியார் சிவதன்மத்தை மெல்வினை எனவும் வல்வினை எனவும் இரண்டாக வகுக்கின்றது. இறைவனை அருச்சித்தலும் அதற்கு அங்கமாயின செய்தலும் மெல்வினை. அணுகுவார் யாவர்க்கும் எளியது. வல்வினை உலகில் ஆற்றுதற்கரியது. சிறுத்தொண்டர் செயலும் சண்டேசர் செயலும் அதற்கு எடுத்துக்காட்டு. இயற்பகையார், கலிக்கம்பர் செயல்களும் அவ்வினத்துட் படுவன. யான் எனது என்பது முற்றும் அற்ற நிலையில் அருள்வழி நிகழ்வது வல்வினை. செருக்கறாதவன் அதனைப் பின்பற்றப் புகின், அது வல்வினையாகாது தீவினையேயாகும். சினத்தால் மனைவிமேற் கையோங்குவான் கலிக்கம்பரைச் சான்று காட்டுதல், நஞ்சுண்பான் திருநீலகண்டனைச் சான்று காட்டுதல் போலும்.

இயற்பகை என்னும் பெயரே இதற்கு விளக்கம் தருகின்றது. உலகின் இயல்புக்குப் பகையாய் நின்றவர் என்பது அதன் பொருள். உலகியலுக்கு மாறானது எனப் பெயரிலேயே அறிவிக்கப்பட்ட செயலை உலகியல் இல்லறத்துக்கு இலக்கணமாக்குதல் நூலாசிரியர் கருத்தைத் தலைகீழாக்குவதேயன்றோ? அன்றியும் கணவன் சொற்கேட்ட அளவில் அம்மையார் கலங்கினார் என்பதையும் பின்னரே தெளிந்தார் என்பதையும் சேக்கிழார் குறிக்கத் தவறவில்லை. கலக்கம் இயல்பு என்பதை அவர் அறிவார்.

நூலிடத்துக் குறையே இல்லையோ எனின், இக்காலத்தார் விரும்பிக் காண்பன சில அங்கே இல்லை என்பது உண்மை. திருநீலகண்டர் மனைவியார், மாறனார் மனைவியார், கலயனார் மனைவியார் ஆகியோரின் இயற்பெயர்கள் கூறப்படவில்லை. கலிக்கம்பர் வரலாற்றில், அம்மையார் நிலை பின்னர் யாதாயிற்று என்பது விரிக்கப்படவில்லை. தொண்டர் பெயர் வரிசையை வகுத்த திருத்தொண்டத் தொகையையும் அதன் வழிவந்த அந்தாதியையும் தழுவி நூல்செய்தார் ஆகலின், சேக்கிழார் அவ்வெல்லைக்குள் நின்றார் என்க. எல்லைக்குள் நின்றும், பெயரில்லாத அம்மகளிர்க்கு அவர் கொடுத்த சொல்லும் செயலும் அறிவும் சிறியனவல்ல. அவற்றை மறைத்து, அடக்கம் ஒன்றையே எடுத்தோதும் பிழை பேசுவோரைச் சார்ந்தது; நூலைச் சார்ந்ததன்று.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றாற் பெறப்படும் இல்லறநெறி இது. இருவர்க்கும் பதி ஒருவனே. ஒருவர் மற்றவர்க்குப் பதியல்லர். அவன் திருமுன் கொடுத்த சொல் இருவரையும் ஒப்பப் பிணிக்கும். அதனை மீறுதற்குச் செல்வமும் புகழும் வழிபாடுங்கூடக் காரணமாகா. பிழைத்தவர் ஆணையைக் குறைக்கும் வழி தேடாது, கேட்டதற்கு மேலும் கொடுத்துத் தம்மைத் திருத்திக்கொள்ளுதல் வேண்டும். புறத்தார்க்கு மறைப்பினும் ஒருவர்க்கொருவர் மறைத்தல் கூடாது. தம் இருவரினும் பெரியதாகிய ஒரு தொண்டில் இருவர் கையும் ஒருங்கு படுதல் வேண்டும்.

இக்காலத்து இல்லங்களிற் கணவனும் மனைவியும் இருவருமே பொருளீட்டச் செல்கின்றனர். ஒரு நாளில் முகங்கண்டு பேசும் பொழுது சிறிதாயிற்று. வரதட்சணையை 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் தடுத்திருந்தும், மணப்பந்தலிற் சூளுரைக்கு முன்னரே விலை பேசும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது. விலைபேசி வந்த துணையை உடைமையென எண்ணுதல் எளிது. உடைமையென எண்ணியவிடத்து ஆணவம் குடிபுகும். இந்நிலையில் அடக்கம் ஒன்றையே மகளிர்க்குப் போதித்தல் நோய்க்கு மருந்தாகாது. மணநாளிற் சொல்லப்படும் உறுதிமொழியை மணமக்கள் இருவரும் பொருளுணர்ந்து இறைவன் திருமுன் சொல்லுதலும், நாளில் ஒருபொழுதேனும் இருவரும் ஒருங்கிருந்து திருநீறணிந்து திருமுறை ஓதுதலும், மாதத்தில் ஒருநாளேனும் பசித்தார் ஒருவர்க்கு இருவருமாகச் சமைத்து இடுதலும் மெல்வினையே, எவர்க்கும் இயல்வனவே. இவற்றைக் கண்டு வளரும் மக்கள், தந்தைக்கும் தாய்க்கும் மேலாக ஒருவன் உளன் என்பதைச் சொல்லாமலே அறிவர்.

மூங்கிற்கோலின் இருதலையையும் பற்றி நின்ற தில்லைத் தம்பதியர் சைவ இல்லறத்தின் சிறந்த ஓவியம். இடையே நின்ற அக்கோல் அவர்களைப் பிரித்ததாகப் பார்ப்பார்க்குத் தோன்றும். அவர்களைச் சேர்த்துப் பிடித்ததும் அதுவே. இறைவன் ஆணையும் அத்தகையது. அதனைப் பற்றிய கைகள் இரண்டும் தளராதிருக்குமளவும் மனை தளராது.

திருச்சிற்றம்பலம்.